சாத்தானுக்கும் ஒரு வக்கீல்

"சும்மா ஒரு டெவில்ஸ் அட்வகேட்டாக இருந்து கேட்கிறேன்..." இப்படித் தொடங்கும் பேச்சு இப்போது எங்கும் காதில் விழுகிறது. தொலைக்காட்சி விவாதத்தில், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், கல்யாணச் செலவைப் பற்றிய குடும்பப் பேச்சில்கூட இந்த ஆங்கிலத் தொடர் வந்து உட்கார்ந்துவிட்டது. கரண் தாப்பர் இதே பெயரில் ஒரு பேட்டி நிகழ்ச்சி நடத்தி, அரசியல்வாதிகளைத் திணற அடித்தது பலருக்கும் நினைவிருக்கும்.

டெவில் என்றால் சாத்தான், அட்வகேட் என்றால் வக்கீல். அதுவரை சரி. சாத்தானுக்கு எதற்கு வக்கீல்? அவர் எந்தக் கோர்ட்டில் ஆஜரானார்? யார் அவரை நியமித்தார்கள்? இந்தக் கேள்விகளோடு புத்தகங்களைப் புரட்டினால் அவை நம்மை நேராக ரோமாபுரிக்குக் கொண்டுபோய் விடுகின்றன. இது யாரோ ஒரு எழுத்தாளர் கற்பனையில் உதித்த உவமை அல்ல. கத்தோலிக்கத் திருச்சபையில் ஏறக்குறைய 400 ஆண்டுகள் இருந்த ஒரு நிஜமான உத்தியோகம்.

முதலில் இந்தத் தொடர் இன்று என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நல்ல அர்த்தத்தில் இதைச் சொல்பவர், "நீங்கள் சொல்வது எனக்கும் சம்மதம்தான். ஆனாலும் இதை எதிர்ப்பவன் என்ன கேட்பான் என்று யோசித்துப் பார்ப்போம்" என்கிறார். நம் வழக்கில் "ஒரு பேச்சுக்கு அப்படியே வைத்துக்கொள்வோம்" என்போமே, கிட்டத்தட்ட அது. ஆனால் இன்னொரு உபயோகமும் இருக்கிறது. மனதில் உள்ளதையே சொல்ல வேண்டும், ஆனால் அதற்குப் பொறுப்பேற்கக் கூடாது. அப்போதும் இதே முகவுரைதான். யாராவது கோபித்துக்கொண்டால், "ஐயையோ, அது என் கருத்து இல்லை சார், வாதத்துக்காகச் சொன்னேன்" என்று பின்வாங்கிவிடலாம். முதலாவது சோதனை. இரண்டாவது முகமூடி. ஒரே சொல் எப்படி இரண்டுக்கும் பயன்படத் தொடங்கியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆதியில் புனிதர் பட்டத்துக்குப் பெரிய விசாரணை எதுவும் கிடையாது. மக்கள் ஒருவரைப் புனிதர் என்று கொண்டாடுவார்கள், கல்லறையில் கூட்டம் சேரும், அந்த ஊர் ஆயர் சரி என்பார், அவ்வளவுதான். போப்பாண்டவரே முறைப்படி ஒருவரைப் புனிதராக அறிவித்ததற்கு முதல் உதாரணமாக 993ஆம் ஆண்டைச் சொல்வார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர ஆயர் உல்ரிக்தான் அந்தப் பெருமைக்கு உரியவர். 1234இல் ஒன்பதாம் கிரகோரி வெளியிட்ட சட்டத் தொகுப்பு, இந்த அதிகாரம் போப்பாண்டவருக்கு மட்டுமே உரியது என்று உறுதி செய்தது.

16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் கிளப்பிய புயல் வந்தது. புனிதர் வணக்கம், எலும்பு முதலான நினைவுப்பொருள்கள், அற்புதக் கதைகள் எல்லாமே சீர்திருத்தக்காரர்களின் கேலிக்கு ஆளாயின. ரோமாபுரி கொஞ்சம் அடங்கியே இருந்தது. 1523க்குப் பிறகு 1588 வரை, 65 ஆண்டுகள் ஒருவருக்குக்கூடப் புனிதர் பட்டம் கொடுக்கப்படவில்லை. மறுபடி தொடங்கும்போது, இனி யாரும் கைகொட்டிச் சிரிக்க இடம் தரக்கூடாது என்ற கவனம் இருந்தது. ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1588இல் இதற்கென ஒரு தனித் துறையை அமைத்தார். அந்தத் துறையில் எதிர்க்கேள்வி கேட்பதற்கென்றே ஒரு சட்ட அதிகாரி இருந்தார். அந்தப் பதவி ஏற்பட்ட ஆண்டாகப் பொதுவாக 1587ஐக் குறிப்பிடுவார்கள்.

அவருடைய உத்தியோகப் பெயரில் சாத்தான் கிடையாது. லத்தீனில் 'ப்ரொமோத்தோர் ஃபிதேயி', அதாவது விசுவாசத்தைக் காப்பவர். ஆனால் அவர் செய்த வேலையைப் பார்த்து ஜனங்கள் வைத்த பட்டப்பெயர்தான் 'அத்வொகாத்துஸ் தியாபோலி', சாத்தானின் வக்கீல். ஒருவர் புனிதராவது சாத்தானுக்குத்தானே பிடிக்காது? அதைத் தடுக்கப் பார்ப்பவர் அவனுடைய வக்கீலாகத்தானே இருக்க வேண்டும்? குறும்பான தர்க்கம். எதிர்த்தரப்பில் புனிதருக்காக வாதாடுபவரைக் 'கடவுளின் வக்கீல்' என்றும் சொன்னார்கள். பட்டப்பெயர் நிலைத்துவிட்டது, பதவிப் பெயர் புத்தகத்தோடு நின்றுவிட்டது.

இவர் வேலை என்ன? ஒருவருக்குப் புனிதர் பட்டம் வேண்டும் என்று மனு வந்தால், சாட்சிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை முதலில் இவர்தான் தயாரிப்பார். சாட்சியங்கள் வந்து சேர்ந்ததும், அவற்றில் உள்ள ஓட்டைகளைத் தேடுவார். இறந்தவருக்குக் கோபம் அதிகமா? பணத்தில் ஆசை இருந்ததா? எழுதிய கடிதங்களில் கொள்கைப் பிழை உண்டா? சாட்சி சொல்கிறவர்கள் எல்லாம் ஒரே மடத்துக்காரர்களா? நடந்ததாகச் சொல்லும் அற்புதத்துக்கு வேறு இயற்கையான காரணம் இருக்க முடியுமா? இவற்றையெல்லாம் எழுத்தில் வைப்பார். மனுதாரரின் வக்கீல் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். கேள்வியும் பதிலும் சேர்த்து அச்சிடப்பட்டு, தீர்ப்புச் சொல்பவர்கள் முன் வைக்கப்படும். இவர் இல்லாமல் நடந்த எந்த முக்கிய நடவடிக்கையும் செல்லாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த அதிகாரியும் திருச்சபையைச் சேர்ந்தவர்தான். இறந்தவர்மேல் அவருக்கு எந்த விரோதமும் கிடையாது. உள்ளுக்குள் அவரே அந்த மனிதரை மதித்து வணங்கியும் இருக்கலாம். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தால் குறை தேடித்தான் ஆக வேண்டும். அது அவர் கடமை.

இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பெரும்புகழ் பெற்றவர் ப்ராஸ்பெரோ லம்பெர்தீனி. 1675இல் இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் பிறந்தவர், கெட்டிக்காரச் சட்ட நிபுணர், நகைச்சுவைக்காரரும்கூட. 1708 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இந்தப் பதவியில் இருந்தார். அந்த அனுபவத்தை வைத்து 1734 முதல் 1738 வரை நான்கு பெரிய தொகுதிகளாக ஒரு நூல் எழுதினார். புனிதர் பட்ட விசாரணைக்கு அதுதான் பின்னாளில் வேதப் புத்தகம் மாதிரி ஆயிற்று.

அற்புதமாக நோய் குணமானது என்று சொன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அவர் போட்ட பட்டியலை நம் ஊர் டாக்டர்களும் ரசிப்பார்கள். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். தானாகவே தீரும் கட்டத்தில் இருந்திருக்கக் கூடாது. மருந்து கொடுத்திருக்கக் கூடாது, கொடுத்திருந்தால் அது பலிக்கவில்லை என்று தெரிய வேண்டும். குணம் திடீரென வந்திருக்க வேண்டும், அரைகுறையாக இல்லாமல் முழுமையாக இருக்க வேண்டும். நோய் திரும்ப வரவே கூடாது. அற்புதத்தை நம்பும் ஒருவர், அற்புதத்தை எளிதில் நம்பிவிடாமல் இருக்கப் போட்ட நிபந்தனைகள் இவை.

இதே லம்பெர்தீனி 1740இல் போப்பாண்டவரானார், 14ஆம் பெனடிக்ட் என்ற பெயரில். அந்தத் தேர்தல் ஆறு மாதம் இழுத்தது. கர்தினால்கள் களைத்துப்போன நேரத்தில், புனிதர் வேண்டுமானால் இன்னாரை, ராஜதந்திரி வேண்டுமானால் அன்னாரை, ஒரு நேர்மையான ஆள் போதுமென்றால் என்னைத் தேர்ந்தெடுங்கள் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் கையில் வந்து சேர்ந்த வழக்குகளில் ஒன்று நம் ராமநாதபுரம் சீமையைச் சேர்ந்தது. ஓரியூர் செம்மண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி, லிஸ்பனில் பிறந்த இயேசு சபைத் துறவி ஜான் தெ பிரிட்டோ அங்கேதான் தலை வெட்டப்பட்டார். நம்மவர்களுக்கு அவர் அருளானந்தர். மதுரை மிஷனுக்கு வந்து தமிழ்ச் சந்நியாசிபோல் காவி உடுத்து, புலால் தவிர்த்து, ஊர் ஊராக நடந்தவர். தடியத்தேவர் என்ற மறவர் பிரமுகர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவுக்காரப் பெண். அதன் விளைவுதான் ஓரியூர்.

மதத்துக்காக உயிரையே கொடுத்தவர், அப்புறம் விசாரணை எதற்கு என்று நமக்குத் தோன்றும். ஆனால் ரோமாபுரியில் ஒரு பெரிய ஆட்சேபணை இருந்தது. மதுரை மிஷன் துறவிகள் காவி உடுத்தியது, சந்தனம் பூசியது, பூணூலையும் குடுமியையும் அனுமதித்தது, சாதி வழக்கங்களுக்கு இடம் கொடுத்தது எல்லாம் அப்போது கடும் சர்ச்சையில் இருந்தன. 1704இலேயே புதுச்சேரிக்கு வந்த போப்பாண்டவரின் தூதர் தூர்னோன், இவற்றில் பலவற்றைத் தடை செய்து உத்தரவு போட்டிருந்தார். தடை செய்யப்பட்ட வழக்கங்களைக் கைக்கொண்ட ஒருவரை எப்படிப் பீடத்தில் ஏற்றுவது? இது சாதாரணக் கேள்வி அல்ல. சாத்தானின் வக்கீல் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

1741 ஜூலை 2ஆம் தேதி 14ஆம் பெனடிக்ட் தீர்ப்புச் சொன்னார். பிரிட்டோ இந்த வழக்கங்களை மத அடையாளமாகக் கொள்ளவில்லை, நாட்டு நடப்பாகவே கொண்டார், ஆகவே அவை அவருடைய மனுவுக்குத் தடையில்லை என்பது தீர்ப்பின் சாரம். 20 ஆண்டுகள் தடைக் கேள்விகளையே எழுதிப் பழகிய மனிதர், ஒரு தடையை நீக்கித் தந்தார். ஆனால் மூன்று வருஷம் கழித்து 1744இல், அதே வழக்கங்களை மற்ற மிஷனரிகள் கைக்கொள்வதற்குக் கடுமையான கட்டுப்பாடும் விதித்தார். தனி மனிதரின் மனசாட்சி வேறு, பொது விதி வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்.

தடை நீங்கியதும் பட்டம் வந்துவிடவில்லை. இடையில் இயேசு சபையே 1773இல் கலைக்கப்பட்டு, 1814இல்தான் மீண்டது. கடைசியில் 1853இல் பிரிட்டோ அருளாளர் ஆனார், 1947இல் புனிதர் ஆனார். வெட்டுப்பட்ட நாளிலிருந்து 254 ஆண்டுகள். அவசரம் என்ற சொல்லே அந்த அலுவலகத்தில் கிடையாதுபோலும். 17ஆம் நூற்றாண்டில் எட்டாம் உர்பான் காலத்தில் வந்த விதியின்படி, ஒருவர் இறந்து 50 ஆண்டுகள் கழித்துத்தான் அவருடைய நற்குணங்களைப் பற்றிய முறையான விவாதமே தொடங்க முடிந்தது. இறந்த வீட்டு அழுகையும் சீடர்களின் ஆரவாரமும் அடங்கட்டும் என்பது எண்ணம்.

ஜோன் ஆஃப் ஆர்க் வழக்கையும் சொல்ல வேண்டும். 1431இல் எரித்துக் கொல்லப்பட்ட அந்தப் பிரெஞ்சுப் பெண்ணுக்கு 1920இல்தான் புனிதர் பட்டம் கிடைத்தது. உலகமே கொண்டாடிய அவளுக்கு எதிராகவும் சாத்தானின் வக்கீல்கள் வரிசையாகக் கேள்விகளை வைத்தார்கள். சிறை வைக்கப்பட்டிருந்த கோபுரத்திலிருந்து குதித்தாளே, அது தற்கொலை முயற்சி ஆகாதா? நெருப்புக்குப் பயந்து, சாவதற்கு ஆறு நாள் முன்னால் எல்லாவற்றையும் மறுத்துக் கையெழுத்துப் போட்டாளே, வீர புண்ணியம் என்பது இதுதானா? மாதா திருநாள் அன்று பாரிஸ் நகரைத் தாக்கினாளே? படிக்கும்போது நமக்கே கோபம் வருகிறது. ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடியபோதுதான், 19 வயதுப் பெண் ஒருத்தி பயந்து, தடுமாறி, மறுபடி நிமிர்ந்து நின்ற முழுக்கதையும் ஏட்டில் ஏறியது. குறை சொன்னவர்கள் அவளைச் சிறியவளாக்கவில்லை.

ஆங்கிலத்தில் இந்தத் தொடர் 1760 வாக்கில் காணப்படுகிறது. கத்தோலிக்கர் அல்லாத இங்கிலாந்தில் முதலில் இதில் கொஞ்சம் ஏளனம் கலந்திருந்திருக்கலாம். ஆனால் 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் தம்முடைய 'ஆன் லிபர்டி' நூலில் இதை மரியாதையோடு எடுத்துக் காட்டினார். மாற்றுக் கருத்துக்குக் கொஞ்சமும் இடம் தராதது என்று பேர் வாங்கிய கத்தோலிக்கத் திருச்சபையே, புனிதர் பட்டம் கொடுக்கும்போது சாத்தானின் வக்கீலைப் பொறுமையாகக் கேட்கிறதே, அப்படியிருக்க மற்றவர்களுக்கு என்ன கேடு என்பது அவர் வாதத்தின் போக்கு. எதிர்க்கருத்தை அதை உண்மையாக நம்புகிறவன் வாயிலிருந்தே கேட்க வேண்டும் என்றும் அதே நூலில் அவர் வற்புறுத்துகிறார். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

20ஆம் நூற்றாண்டில் சாத்தானின் வக்கீல் கோவிலை விட்டு அரசாங்க அறைகளுக்குள் நுழைந்தார். 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றி வளைகுடாவில் அமெரிக்கா ஏற்பாடு செய்த படையெடுப்பு மூன்றே நாளில் மண்ணைக் கவ்வியது. அதைத் திட்டமிட்ட கூட்டங்களில் சந்தேகம் இருந்தவர்களும் வாய் திறக்கவில்லை. அங்கே இருந்த வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர், பேசாமல் இருந்ததற்காகப் பின்னால் வருந்தி எழுதினார். அடுத்த ஆண்டு ஏவுகணை நெருக்கடி வந்தபோது கென்னடி பாடம் கற்றிருந்தார். தம்பி ராபர்ட்டும் சோரன்சனும் எல்லா யோசனையையும் துருவித் துருவிக் கேட்க வேண்டும் என்று பொறுப்புக் கொடுத்தார். கூடிப் பேசும் அறிவாளிகள் எப்படிக் கூட்டாக முட்டாளாகிறார்கள் என்பதை இர்விங் ஜானிஸ் என்ற உளவியல் அறிஞர் 1972இல் நூலாகவே எழுதி, கூட்டத்தில் ஒருவரையாவது சாத்தானின் வக்கீலாக நியமியுங்கள் என்று பரிந்துரைத்தார். 1973 யுத்தத்தில் எதிர்பாராமல் அடிபட்ட இஸ்ரேல், தன் ராணுவ உளவுத் துறைக்குள் இதற்கென்றே ஒரு சிறு பிரிவை ஏற்படுத்திக்கொண்டது.

இதுவரை நல்ல செய்திதான். இனி ஜார்ஜ் பால் கதைக்கு வருகிறேன். அவர் அமெரிக்க வெளியுறவுத் துறையில் இரண்டாம் நிலையில் இருந்தவர். வியட்நாமில் இறங்கினால் மீள முடியாது என்று மனப்பூர்வமாக நம்பினார். 1964 அக்டோபரிலேயே நீண்ட குறிப்பு ஒன்றை எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தார். 1965இல் ஜனாதிபதி ஜான்சனிடம் நேரிலும் வாதாடினார். அவரை யாரும் தண்டிக்கவில்லை, வாயை அடைக்கவும் இல்லை. அவருக்கு "டெவில்ஸ் அட்வகேட்" என்று பட்டம் கட்டினார்கள், அவ்வளவுதான். அவர் பேசுவார், எல்லோரும் மரியாதையாகக் கேட்பார்கள், இரு தரப்பையும் ஆராய்ந்துவிட்டோம் என்ற திருப்தியோடு முன்பே நினைத்திருந்ததைச் செய்வார்கள். அதே அரசில் வேலை பார்த்த ஜேம்ஸ் தாம்சன் என்பவர் 1968இல் எழுதிய கட்டுரையில் இந்தக் காட்சியை விவரித்திருக்கிறார். பேசியதால் பாலுக்கும் திருப்தி, கேட்டதால் மற்றவர்களுக்கும் திருப்தி.

1965 ஜூலையில் வியட்நாமில் உள்ள அமெரிக்கப் படை 75,000 பேரிலிருந்து 1,25,000 ஆக உயர்த்தப்படும் என்று ஜான்சன் அறிவித்தார். 1966இல் பால் பதவி விலகினார். போர் முடிவதற்குள் 58,000 அமெரிக்கர்களும், அதைப் போலப் பல மடங்கு வியட்நாம் மக்களும் மாண்டார்கள்.

என் கருத்தில், இந்தத் தொடரின் வரலாற்றில் பெரிய திருப்பம் இதுதான். ஒரு மனிதன் நிஜமாகவே நம்பிச் சொன்னதை, "அவர் வக்கீல் வேஷம் போடுகிறார்" என்று சொல்லி எடை குறைத்துவிட்டார்கள். ரோமாபுரியில் வேஷம் போட்டவரின் கேள்விக்கு நிஜமான பதில் தர வேண்டியிருந்தது. வாஷிங்டனில் நிஜமான கேள்வி கேட்டவரை வேஷக்காரராக்கிப் பதில் சொல்லாமலே தப்பித்தார்கள்.

வங்கியில் கடன் அனுமதிக் குழுக்களில் உட்கார்ந்த காலத்தில் இந்தத் தொடரை நானும் பல தடவை கேட்டிருக்கிறேன். "டெவில்ஸ் அட்வகேட்டாகக் கேட்கிறேன், இந்தக் கம்பெனிக்கு ஆர்டரே வராவிட்டால்?" என்று யாராவது கேட்பார். இரண்டு நிமிஷம் பேச்சு நடக்கும், டீ வரும், அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவோம். மினிட்ஸ் புத்தகத்தில் "ஏகமனதாக அனுமதிக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கும். அந்தக் கேள்வி எங்கே போயிற்று? டீ டம்ளரோடு போயிற்று. கேட்டவரும் தான் எதிர்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது, கேட்கப்பட்டவரும் பதில் சொன்னதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. லம்பெர்தீனி அந்த நாற்காலியில் இருந்திருந்தால், எழுத்தில் பதில் வராமல் ஃபைல் மேசையை விட்டு நகர்ந்திருக்காது.

பெர்க்லி பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் சார்லன் நெமத்தும் அவருடன் வேலை செய்தவர்களும் 2001இல் இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்தார்கள். வேஷத்துக்கு எதிர்ப்பவர் இருக்கும் குழுவைவிட, நிஜமாகவே மாறுபடும் ஒருவர் இருக்கும் குழு நன்றாக யோசிக்கிறது என்பது அவர்கள் கண்டது. மில் சொன்னதற்கு 142 ஆண்டுகள் கழித்து வந்த சாட்சி.

நம் மரபிலும் இந்த வேறுபாடு தெரிந்தே இருக்கிறது. சிவஞான சித்தியாரில் முதலில் பரபக்கம், பிறகு சுபக்கம். மாற்றாரின் கொள்கையை முழுதாக எடுத்து வைத்து மறுத்துவிட்டு, அப்புறம்தான் தன் கொள்கை. எதிர்வாதம் மட்டும் செய்துவிட்டுத் தன் பக்கம் எதுவென்று சொல்லாமல் நழுவுகிறவனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, விதண்டாவாதி. இன்று டெவில்ஸ் அட்வகேட் என்று ஆரம்பிப்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பழைய பெயரே பொருந்தும்.

சரி, அசல் வக்கீல் என்ன ஆனார்? 1983 ஜனவரி 25ஆம் தேதி இரண்டாம் ஜான் பால் புனிதர் பட்ட விதிகளை மாற்றி அமைத்தார். வழக்குமன்றப் பாணி போய், வரலாற்று ஆராய்ச்சிப் பாணி வந்தது. பதவியின் பெயர் நீடித்தாலும், எதிர்த்து வாதாடும் பழைய வேலை போய்விட்டது. தேவையான அற்புதங்களின் எண்ணிக்கையும் குறைந்தது. இரண்டாம் ஜான் பால் தம் காலத்தில் 482 பேரைப் புனிதராக அறிவித்தார். வக்கீலை அனுப்பிவிட்டார்கள், கதவு திறந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள்.

இங்கே நானே கொஞ்சம் எதிர்த்தரப்பில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த 482 பேரில் 1984இல் கொரியாவின் மறைசாட்சிகள் 103, 1988இல் வியட்நாம் மறைசாட்சிகள் 117, 2000இல் சீன மறைசாட்சிகள் 120. மொத்தம் 340 பேர் இந்த மூன்று கூட்டங்களிலேயே வந்துவிடுகிறார்கள். மிச்சம் 142. அவர் ஆண்டதோ 26 வருஷத்துக்கும் மேல். அதுவும் அதிகம்தான் என்றாலும், வக்கீல் போனதால்தான் 482 என்று சொல்வது கணக்குக்கு நிற்காது.

எதிர்ப்பவரின் குரல் அடியோடு நின்றுவிடவும் இல்லை. அன்னை தெரசாவின் வழக்கில், அவரைக் கடுமையாக விமர்சித்துப் புத்தகமே எழுதிய கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸை 2001இல் வாஷிங்டனில் கூப்பிட்டுச் சாட்சியம் வாங்கினார்கள். சாத்தானுக்குக் கூலியில்லாமல் ஆஜரானேன் என்ற ரீதியில் அவர் பின்னால் கிண்டலடித்தார். மேற்கு வங்காளப் பெண் ஒருவருக்கு வயிற்றுக் கட்டி குணமானதை அற்புதம் என்று ஏற்றபோது, அது மருந்தால் குணமான காசநோய்க் கட்டி என்று சிகிச்சை அளித்த மருத்துவர் தரப்பிலேயே மறுப்பு வந்தது. பழைய காலமாக இருந்தால், லம்பெர்தீனியின் பட்டியலில் 'மருந்து கொடுத்திருக்கக் கூடாது' என்ற வரியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி பகிரங்கமாகக் கேட்டிருப்பார். பதிலும் அச்சில் வந்திருக்கும். அன்னையின் பெருமை அதனால் குறைந்திருக்காது. நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் கையில் ஒரே ஏடு இருந்திருக்கும்.

இவ்வளவையும் படித்தபின் எனக்குப் பட்டது இதுதான். அந்தப் பழைய உத்தியோகத்தில் எதிர்ப்பவர் ஒருவர் இருந்தார் என்பதைவிட, அவருக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது என்ற விதி இருந்ததே, அதுதான் பெரிது. நாம் சொல்லை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு விதியை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஆகவே அடுத்த தடவை சங்கக் கூட்டத்திலோ வீட்டிலோ யாராவது "டெவில்ஸ் அட்வகேட்டாகக் கேட்கிறேன்" என்றால், சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், முடிந்தால் நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு அவரிடமும் ஒன்று கேளுங்கள்: "வக்கீல் சார், உங்கள் வாதம் முடிந்தது. உங்கள் சொந்த ஓட்டு எந்தப் பக்கம்?" அதற்குப் பதில் வந்தால் அவர் பழைய ரோமாபுரிப் பரம்பரை. வராவிட்டால் என்ன பெயர் என்பது உங்களுக்கே தெரியும்.